ஓரிகனின் எடை-மைல் வரி: சாலைக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் தெற்கு வடக்காகச் செல்லும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை, ஓரிகன் மாநிலத்துக்குள் 308 மைல் ஓடுகிறது. கலிபோர்னியா எல்லையைத் தாண்டியதும் சிஸ்கியூ மலையில் 4,310 அடி உயரத்துக்கு ஏறி இறங்கி, போர்ட்லாந்து நகரைக் கடந்து, கொலம்பியா ஆற்றுப் பாலத்தில் வாஷிங்டன் மாநிலத்தைத் தொடுகிறது. 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் எடைக்கு அறிவிக்கப்பட்ட ஐந்து அச்சு லாரி இந்த 308 மைலைக் கடந்தால் 2024 விகிதப்படி ஓரிகனுக்குக் கட்ட வேண்டிய எடை-மைல் வரி ஏறத்தாழ 77 டாலர். அதே லாரி, அதே சாலையில் வாஷிங்டனுக்குள் இருக்கும் 276 மைலையும் ஓடினால், 2025 ஜூன் வரை இருந்த விகிதப்படி மாநில டீசல் வரி சுமார் 23 டாலர்தான்.

சாலை ஒன்று, லாரி ஒன்று, பாரமும் ஒன்று. ஆற்றுக்கு ஓரிகன் பக்கம் மூன்று மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டைக் கேட்டதும் ஓரிகன் கொள்ளையடிக்கிறது என்றுதான் லாரிக்காரர்கள் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி ஓடிய தூரத்தையும் சுமந்த எடையையும் வைத்து வரி போடுவது சரியான வழி என்றே நினைக்கிறேன். ஓரிகன் தவறுவது வேறோர் இடத்தில். தானே அளந்து, தானே எழுதி வெளியிடும் கணக்கின்படி அது நடந்துகொள்வதில்லை. அதைப் பேசுமுன், மற்ற மாநிலங்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

டீசலை எங்கே போட்டோம், எங்கே எரித்தோம்

அமெரிக்காவில் டீசலுக்கு இரண்டு அடுக்கு வரி. கூட்டரசு வரி கேலனுக்கு 24.4 சென்ட்; 1993க்குப் பிறகு அது மாறவே இல்லை. அதற்கு மேல் மாநில வரி. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஓஹையோவில் 47 சென்ட், எல்லையை ஒட்டிய பென்சில்வேனியாவில் 2024 விகிதப்படி 74.1 சென்ட். ஒரு கேலன் என்பது 3.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய லாரியின் இரு டாங்கிகளிலும் சேர்த்து 200, 300 கேலன் பிடிக்கும். ஓஹையோவில் டாங்கியை நிரப்பிக்கொண்டு பென்சில்வேனியா முழுவதையும் கடந்துவிடலாம். அப்படியானால் பென்சில்வேனியாவின் சாலை தேய்ந்ததற்கு யார் பணம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் பதில் வைத்திருந்தது. தனி அனுமதி, கதவில் தனி ஒட்டுவில்லை, தனிக் கணக்குத் தாக்கல். பத்து மாநிலங்களில் ஓடும் லாரிக்குப் பத்துப் படிவங்கள். 1983இல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்கள் கூடி ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. அதுதான் இன்று இஃப்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பன்னாட்டு எரிபொருள் வரி ஒப்பந்தம். 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 1996 செப்டம்பர் 30க்குள் மாநிலங்கள் இதில் சேராவிட்டால் வெளிமாநில லாரிகளிடம் எரிபொருள் பயன்பாட்டு வரி வசூலிக்க முடியாது என்ற நெருக்கடியைக் கொடுத்தது. இப்போது அமெரிக்கப் பெருநிலத்தின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இதில் இருக்கின்றன. அலாஸ்காவும் ஹவாயும் தலைநகர் வாஷிங்டனும் இல்லை. டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் சொந்த லாரி வைத்து எல்லை தாண்டி ஓட்டும் ஈழத்தமிழர்களும் இந்த ஒப்பந்தத்துக்குள்தான் வருகிறார்கள். அவர்கள் ஒண்டாரியோவில் ஒரே கணக்கைக் கொடுத்தால் போதும். அமெரிக்க மாநிலங்களுக்குச் சேர வேண்டியதை ஒண்டாரியோ பிரித்து அனுப்பிவிடும்.

இரண்டு அச்சுகளோடு 26,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டி, எடை எவ்வளவானாலும் மூன்று அல்லது அதற்கு மேல் அச்சுகள் உள்ள வண்டி, டிரெய்லரோடு சேர்த்து 26,000 பவுண்டைத் தாண்டும் வண்டி, இவை மாநில எல்லை கடந்தால் இஃப்டா கணக்குக் கட்டாயம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் கடைசி நாள் கெடு. வண்டி அந்தக் காலாண்டில் ஓடவே இல்லை என்றாலும் படிவம் போக வேண்டும். தாமதமானால் 50 டாலர் அல்லது கட்ட வேண்டிய வரியில் பத்து சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

கணக்கின் அடிப்படை எளிது. எல்லா மாநிலங்களிலும் ஓடிய மொத்த மைலை, வாங்கிய மொத்த டீசலால் வகுத்தால் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஓடிய மைலை அந்த எண்ணால் வகுத்தால், அந்த மாநிலத்தில் எரிந்த டீசல் எவ்வளவு என்று தெரியும். அதற்கு அந்த மாநில விகிதத்தில் வரி. டீசல் போட்ட பெட்ரோல் பங்கில் ஏற்கெனவே கட்டிய வரி கழிந்துவிடும். மிச்சம் இருந்தால் கட்ட வேண்டும், கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்ப வரும்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. புதிதாக லாரி வாங்குகிறவர்கள் இதைத்தான் கடைசியாகப் புரிந்துகொள்கிறார்கள். டீசலை எரித்த இடம்தான் வரியைத் தீர்மானிக்கிறது. வாங்கிய இடம் வரி நீங்கிய விலையை மட்டுமே தீர்மானிக்கிறது. எனவே பங்கின் விலைப்பலகையைப் பார்த்து ‘இங்கே மலிவு’ என்று டாங்கியை நிரப்புவது வீண் கணக்கு. விலையிலிருந்து மாநில வரியைக் கழித்துப் பார்த்த பிறகு எது குறைவோ அதுதான் மலிவு.

வாஷிங்டனுக்கும் ஓரிகனுக்கும் இடையே ஒரு காலாண்டு

ஓரிகனுக்குள் வந்ததும் இந்தக் கணக்கு இன்னொரு முகம் காட்டுகிறது. 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஓரிகனில் மாநில டீசல் வரி கிடையாது. இஃப்டா படிவத்தில் ஓரிகனின் விகிதம் சுழியம். அங்கே கணக்கு வைத்திருக்கும் லாரி, பங்கிலேயே மாநில வரி இல்லாமல் டீசல் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாகத்தான் எடை-மைல் வரி. இஃப்டாவோடு அதற்குத் தொடர்பே இல்லை. தனிக் கணக்கு, தனிப் படிவம், தனிக் கெடு.

எடுத்துக்காட்டாக, வாஷிங்டனில் பதிவான ஒற்றை லாரியை வைத்துக்கொள்வோம். எடை 80,000 பவுண்டு. ஒரு காலாண்டில் வாஷிங்டனில் 6,000 மைல், ஓரிகனில் 12,000 மைல். மொத்தம் 18,000 மைலுக்கு 3,000 கேலன் டீசல். கேலனுக்கு ஆறு மைல். ஓரிகனில் பங்கு விலை குறைவாகத் தெரிந்ததால் லாரிக்காரர் அங்கே 2,400 கேலன் போட்டிருக்கிறார். வாஷிங்டனில் 600 கேலன்தான். வாஷிங்டனின் டீசல் வரி கேலனுக்கு 49.4 சென்ட் என்று கொள்வோம்.

வாஷிங்டனில் எரிந்தது 1,000 கேலன். வரி கட்டி வாங்கியது 600. பாக்கி 400 கேலனுக்கு 197 டாலர் 60 சென்ட். இஃப்டா படிவம் அதோடு முடிந்தது. படிவத்தில் ஓரிகன் வரிசையும் இருக்கிறது, மைலும் எழுதியாகிவிட்டது, எதிரே சுழியம் நிற்கிறது. புதியவர் ஒருவர் அதைப் பார்த்து ஓரிகனுக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று நிம்மதியடைந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மைலுக்குக் கால் டாலர் என்று கொண்டாலும் 12,000 மைலுக்கு 3,000 டாலர் எடை-மைல் வரியாக ஓரிகனுக்குப் போக வேண்டும். இஃப்டா பாக்கியைப் போலப் பதினைந்து மடங்கு.

பங்கு விலைக்கு வருவோம். ஓரிகன் பங்கில் மாநில வரியின்றி 3.60 டாலர், வாஷிங்டன் பங்கில் வரியோடு 4.00 டாலர் என்று இருந்தால் ஓரிகன்தான் மலிவு என்று தோன்றும். வாஷிங்டன் விலையிலிருந்து 49.4 சென்ட்டைக் கழித்தால் 3 டாலர் 50.6 சென்ட். அங்கே வாங்கிய டீசலை ஓரிகனில் எரித்தால் அந்த 49.4 சென்ட் இஃப்டா கணக்கில் வரவாக வந்துவிடும். ஓரிகனில் வாங்கியதை வாஷிங்டனில் எரித்தால் 49.4 சென்ட்டைப் பிறகு கட்ட வேண்டும். எந்தப் பக்கம் எரித்தாலும் இந்த விலைகளில் வாஷிங்டனில் போடுவதுதான் லாபம். நம் லாரிக்காரர் 2,400 கேலனைத் தவறான கரையில் போட்டுவிட்டார். கேலனுக்கு ஒன்பது சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் 200 டாலருக்கும் அதிகமாக இழப்பு. அதை எந்த அலுவலகமும் அவரிடம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் எந்தப் படிவத்திலும் அது தெரியாது.

எடையும் அச்சும்

மோட்டார் எரிபொருளுக்கு வரி போட்ட முதல் அமெரிக்க மாநிலம் ஓரிகன்தான். 1919 பிப்ரவரியில் கேலனுக்கு ஒரு சென்ட் என்று தொடங்கியது. மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பின்னர் கனரக லாரிகளைப் பொறுத்தவரை எரிபொருள் வரி போதாது என்ற முடிவுக்கும் ஓரிகன் வந்தது. 1947இல் எடை-மைல் வரி நடைமுறைக்கு வந்தது.

காரணம் பொறியியல் சார்ந்தது; அதை எண்ணால் காட்டிய சோதனை பின்னர்தான் வந்தது. 1958 முதல் 1960 வரை இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரருகே, சோதனைக்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மீது விழும் எடை கூடும்போது சாலையின் சேதம் அதே அளவில் கூடுவதில்லை; ஏறத்தாழ அந்த எடையின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்ற விதி அந்தச் சோதனையிலிருந்து பிறந்தது. காரின் ஓர் அச்சில் 2,000 பவுண்டு, லாரியின் ஓர் அச்சில் 17,000 பவுண்டு என்றால் எடை எட்டரை மடங்கு. சேதமோ ஐயாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. லாரி எரிக்கும் டீசலோ மைலுக்குக் காரைப் போல நான்கைந்து மடங்குதான். டீசலை மட்டும் வைத்து வரி போட்டால், சாலையின் தேய்மானத்துக்கும் கட்டும் பணத்துக்கும் பெரிய பள்ளம் விழும். சாலைச் செலவு முழுவதும் தேய்மானத்தால் வருவதல்ல. பாலம், விளக்கு, பனி அகற்றல், கூடுதல் தடம் எல்லாம் காருக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் தேய்மானம் என்ற பங்கில் லாரியின் பொறுப்பை யாரும் மறுக்க முடியாது.

ஓரிகனின் விகித அட்டவணைகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 80,000 பவுண்டு வரை எடை மட்டுமே கணக்கு. அதற்கு மேல் 105,500 பவுண்டு வரை அனுமதிபெற்று ஓடும் வண்டிகளுக்கு, அதே எடைக்கு அச்சுகள் அதிகமாக இருந்தால் விகிதம் குறைகிறது. 17,000 பவுண்டு சுமந்த அச்சு, பாரம் பகிரப்பட்டு 15,000 சுமந்தால் நான்காம் அடுக்கு விதிப்படி அதன் சேதம் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைகிறது. கூடுதல் அச்சு வைத்த டிரெய்லரை வாங்கச் செலவாகும். டயர் கூடும், பராமரிப்புக் கூடும். அந்தச் செலவைச் செய்கிறவருக்கு மைலுக்கு மைல் வரி குறைகிறது. எரிபொருள் வரியால் இதைச் செய்யவே முடியாது. கூடுதல் டயர் உருள்வதால் டீசல் சற்று அதிகமாகத்தான் எரியும். சாலையைக் காப்பாற்றியவரே அதிக வரி கட்டுவார்.

நடைமுறையில் லாரிக்காரர் முதலில் ஓரிகன் போக்குவரத்துத் துறையில் கணக்குத் திறக்க வேண்டும். புதியவர்கள் பிணைத்தொகை கட்ட வேண்டியிருக்கும். வண்டியின் ஒவ்வொரு அமைப்புக்கும் எடையை அறிவிக்க வேண்டும்: இழுவை வண்டி தனியாக என்றால் ஒன்று, டிரெய்லரோடு என்றால் ஒன்று. ஓடிய மைலை மாதந்தோறும் எழுதி, அடுத்த மாதக் கடைசிக்குள் பணத்தோடு அனுப்ப வேண்டும். ஒழுங்காகக் கட்டி வருகிறவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை கட்ட அனுமதி பெறலாம். எப்போதாவது வருகிறவர்கள் கணக்குத் திறக்காமல் தற்காலிக அனுமதிச்சீட்டு வாங்கி முன்கூட்டியே வரியைக் கட்டிவிட்டு உள்ளே வரலாம். மரக்கட்டை, மணல், ஜல்லி, மரச்சீவல் ஏற்றுகிற வண்டிகளுக்கு மைல் கணக்குக்குப் பதிலாக மொத்தத் தொகை கட்டும் வசதியும் உண்டு.

காலி வண்டிக்கும் அதே வரிதான். வரி அறிவித்த எடைக்கு. அன்று உண்மையில் ஏற்றிய லோடுக்கு அல்ல. தெற்கே சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் 300 மைலுக்கும் 36 டன் விகிதமே. ஒருவழிச் சரக்கு மட்டும் கிடைக்கும் சிறு உரிமையாளர்களுக்கு இது கடுமையாக வலிக்கிறது. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எடையை வைத்து வரி போடுவோம் என்று சொன்ன பிறகு, இல்லாத எடைக்கு வசூலிப்பதற்குச் சொல்லக்கூடிய ஒரே காரணம் நிர்வாக வசதி.

ஏமாற்ற முடியாதா என்று கேட்கலாம். ஐந்தாம் எண் சாலையில் ஆஷ்லாண்டு, வுட்பர்ன், கிழக்கே ஐடஹோ எல்லைப் பக்கம் ஃபேர்வெல் பெண்டு என்று நுழைவிடங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. ஓடும்போதே எடை பார்க்கும் கருவிகள் சாலைக்குள் பதிந்திருக்கின்றன. எந்த வண்டி எந்த நாளில் எங்கே கடந்தது என்பது பதிவாகிறது. தணிக்கையில் அந்தப் பதிவையும் லாரிக்காரர் கொடுத்த மைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆஷ்லாண்டிலும் வுட்பர்னிலும் ஒரே நாளில் எடை பார்த்த வண்டி அன்றைக்கு ஓரிகனில் ஓடவே இல்லை என்று எழுதியிருந்தால், அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை.

மற்றவர்கள்

எடையையும் தூரத்தையும் சேர்த்து வரி போடும் மாநிலங்கள் இன்று வெகு சிலவே. கென்டக்கி 60,000 பவுண்டு முதல் மைலுக்கு 2.85 சென்ட் வாங்குகிறது. நியூ மெக்சிகோ 26,000 பவுண்டுக்கு மேல். நியூயார்க் 1951 முதல் வாங்கிவருகிறது. 18,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு. சுங்கம் கட்டி ஓடும் த்ரூவே சாலையின் மைல்கள் கழிந்துவிடும். கனெக்டிகட் 2023 ஜனவரியில் புதிதாகச் சேர்ந்தது. அங்கே மைலுக்கு 2.5 சென்ட்டில் தொடங்கி 17.5 சென்ட் வரை போகிறது. அரிசோனாவும் ஐடஹோவும் ஒரு காலத்தில் வாங்கிவிட்டுக் கைவிட்டன. இந்த எல்லா மாநிலங்களிலும் டீசல் வரியும் உண்டு, மைல் வரி அதற்கு மேல். டீசல் வரியை முற்றிலும் நீக்கிவிட்டு மைல் வரியை மட்டும் வைத்திருப்பது ஓரிகன் ஒன்றுதான். விகிதம் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், கென்டக்கியின் 2.85 சென்ட்டோடு அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

மைல் பார்க்காமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷைனர் வழக்கு நல்ல சான்று. பென்சில்வேனியா, 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரிகளிடம் ஆண்டுக்கு ஓர் அச்சுக்கு 36 டாலர் வாங்கத் தொடங்கியது. உள்ளூர் லாரிகளுக்கு மட்டும் பதிவுக் கட்டணத்தைக் குறைத்து அதை ஈடுகட்டிவிட்டது. வெளிமாநில லாரி அங்கே ஆண்டுக்குச் சில நூறு மைல் ஓடினாலும் முழுத்தொகை. மைலுக்குக் கணக்குப் பார்த்தால் வெளியார் உள்ளூர்க்காரரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கட்டினார்கள். எல்லா மாநிலங்களும் இப்படியே செய்தால் மாநிலங்களுக்கிடையே வணிகம் என்னவாகும் என்று கேட்டு, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதே வழியில்தான் 2016இல் நியூயார்க்கின் மைல் வரிக்கான பதிவுச் சான்றுக்கும் ஒட்டுவில்லைக்கும் சேர்த்து வாங்கிய 19 டாலர் கட்டணம் செல்லாது என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்த்தது. மைல் வரிக்கு அங்கே எந்தக் குறையும் வரவில்லை; விழுந்தது மொத்தக் கட்டணம்.

கூட்டரசே ஆண்டுக்கொரு மொத்தத் தொகை வாங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 55,000 பவுண்டு முதல் கனரக வாகன வரி. 75,000 பவுண்டைத் தாண்டினால் ஆண்டுக்கு 550 டாலர். 5,000 மைலுக்குள் ஓடினால் விலக்கு. 6,000 மைல் ஓடும் லாரிக்கு அது மைலுக்கு ஒன்பது சென்ட். 1,20,000 மைல் ஓடும் லாரிக்கு அரை சென்ட்டுக்கும் குறைவு. சாலையை இருபது மடங்கு தேய்த்தவருக்கு மைலுக்கு இருபதில் ஒரு பங்கு. எடை-மைல் வரியைத் திட்டுகிறவர்கள் இந்த எண்களையும் பார்க்க வேண்டும்.

காகிதம்

தூரத்தை வைத்துப் போடும் எந்த வரியும் லாரிக்காரரின் பதிவேட்டில்தான் நிற்கிறது. இஃப்டா ஆவணங்களை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தன்னிடமுள்ள கணக்குகளில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சதவீதத்தைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்துகிறது. ஆவணம் போதாது என்று தணிக்கையாளர் முடிவு செய்தால், கேலனுக்கு நான்கு மைல்தான் என்று வைத்துக் கணக்கிடலாம், அல்லது சொன்ன எண்ணில் இருபது சதவீதத்தைக் குறைக்கலாம்.

முன்பு பார்த்த லாரிக்கு அந்த நான்கைப் போட்டுப் பார்ப்போம். 18,000 மைலுக்கு 4,500 கேலன் எரிந்ததாக ஆகிவிடும். அதில் வாஷிங்டனில் எரிந்தது 1,500 கேலன். ரசீது உள்ள 600 போக 900 கேலனுக்கு 444 டாலர் 60 சென்ட். ரசீதுகளும் இல்லை என்றால் 1,500 கேலனுக்கும் சேர்த்து 741 டாலர். 198 டாலரில் முடிந்திருக்க வேண்டிய காலாண்டு அது. தணிக்கை ஒரு காலாண்டோடு நிற்பதும் இல்லை.

லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமான பிறகு இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கருவியின் நோக்கம் ஓட்டுநரின் வேலை நேரத்தைக் கண்காணிப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போது மணிக்கு ஒருமுறை இடத்தைப் பதிந்தால் சட்டப்படி அதற்குப் போதும். ஒரு மணி நேரத்தில் லாரி அறுபது மைல் போய்விடும். அதற்குள் மாநில எல்லை வந்துபோயிருக்கும். எல்லையைக் கடந்த இடத்தில் மைல்மானி எவ்வளவு காட்டியது என்பதுதான் வரிக் கணக்குக்குத் தேவை. பயணம் தொடங்கிய தேதி, இடம், எல்லை தோறும் மைல்மானி எண், முடிந்த இடம், போன சாலைகள்: இவற்றை ஓட்டுநரே ஒரு தாளில் எழுதிவைத்தால் எந்தத் தணிக்கையிலும் அது நிற்கும். டீசல் ரசீதில் தேதி, பங்கின் பெயர், ஊர், கேலன் அளவு, எரிபொருள் வகை, விலை, வண்டி எண், வாங்கியவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். கடன் அட்டையின் மாதக் கணக்கில் தொகை மட்டும் இருப்பது போதாது.

அளந்தவர்கள் அளவைக் கேட்கவில்லை

இனி ஓரிகனின் குறைக்கு வருவோம். 1937 முதல் அந்த மாநிலம் சாலைச் செலவில் எந்த வகை வண்டியின் பொறுப்பு எவ்வளவு என்று ஆய்வு செய்துவருகிறது. வேறெங்கும் இவ்வளவு நீண்ட காலமாக இப்படி அளந்து பார்த்ததாக எனக்குத் தெரிந்தவரை இல்லை. 1999இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அந்தக் கொள்கை மாநிலத்தின் அரசமைப்புச் சட்டத்திலேயே ஏறியது. இலகு வாகனங்களும் கனரக வாகனங்களும் கட்டுவது, அவை உண்டாக்கும் செலவுக்கு நியாயமான விகிதத்தில் இருக்க வேண்டும். சட்டமன்றம் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இந்த ஆய்வில் 10,000 பவுண்டு வரை இலகு வாகனம், அதற்கு மேல் கனரகம்.

2017இல் சட்டமன்றம் பெரிய சாலைத் திட்டம் ஒன்றை நிறைவேற்றி, 2018, 2020, 2022, 2024 என நான்கு படிகளில் வரிகளை உயர்த்தியது. பெட்ரோல் வரி 30 சென்ட்டிலிருந்து 40 சென்ட் ஆனது, மூன்றில் ஒரு பங்கு உயர்வு. எடை-மைல் வரி மொத்தம் 53 சதவீதம் உயர்ந்தது. 80,000 பவுண்டு லாரிக்கு மைலுக்குச் சுமார் 16 சென்ட் என்று இருந்தது ஏறத்தாழ 25 ஆனது இப்படித்தான். கார்களின் பதிவுக் கட்டணமும் உயர்ந்தது. ஆனாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 2023–25 காலத்துக்கான மாநிலத்தின் சொந்த ஆய்வு, கனரக வாகனங்கள் தங்கள் பங்கைவிட 32 சதவீதம் அதிகமாகவும், இலகு வாகனங்கள் 12 சதவீதம் குறைவாகவும் கட்டும் என்று காட்டியது.

விகிதம் உயர்ந்தது மட்டும் இதற்குக் காரணமல்ல. கார்கள் ஆண்டுக்கு ஆண்டு சிக்கனமாகின்றன. அதே தூரத்துக்குக் குறைந்த பெட்ரோல். மின்சாரக் காருக்கு அதுவும் இல்லை. காரின் வரி கேலனைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவாய் கரைகிறது. லாரியின் வரி மைலைப் பிடித்திருப்பதால் என்ஜின் எவ்வளவு சிக்கனமானாலும் ஒரு சென்ட் குறையாது. லாரிக்காரர் டீசலை மிச்சப்படுத்தப் புது என்ஜின் வாங்கினாலும் ஓரிகனில் வரியில் மிச்சமில்லை. நீண்ட காலத்துக்கு நிலையான வருவாய் என்ற வகையில் மைல் வரியின் வலிமை இது. ஒரு பக்கம் மட்டும் அப்படி இருப்பதால் அதுவே அநீதியாகிவிட்டது.

ஓரிகன் லாரி உரிமையாளர் சங்கமும் சில நிறுவனங்களும் 2024 ஜனவரியில் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தன. அவர்கள் வேறு எங்கிருந்தும் ஆதாரம் தேடவில்லை. மாநிலத்தின் ஆய்வறிக்கையையே எடுத்து வைத்தார்கள். அரசமைப்புச் சட்டம் ‘வேண்டும்’ என்கிறது, உங்கள் அறிக்கை ‘இல்லை’ என்கிறது, ஏன் சரிசெய்யவில்லை என்பதுதான் வழக்கின் சாரம். 2025 ஆகஸ்ட் இறுதியில் ஆளுநர் டினா கோடெக் சாலை நிதிப் பற்றாக்குறைக்காகச் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டியபோதும் இந்த ஏற்றத்தாழ்வு விவாதத்தின் நடுவே நின்றது.

சட்டமன்ற உறுப்பினர்களின் தயக்கம் விளங்காததல்ல. லாரி வரியைக் குறைத்தால் சாலைப் பராமரிப்புக்குப் பணம் இராது. கார் வரியைக் கூட்டினால் வாக்காளர்கள் கோபிப்பார்கள். லாரிக்காரர்களில் பலர் வெளிமாநிலத்தவர். அவர்களுக்கு ஓரிகனில் வாக்கு இல்லை. அதனால்தான் அந்த விதியை அரசமைப்புச் சட்டத்தில் வைத்தார்கள். வாக்கு இல்லாதவர்களுக்கு அது ஒன்றே காப்பு.

கார்களையும் மைலுக்குக் கொண்டுவரும் முயற்சியை ஓரிகன் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2015 ஜூலை 1 முதல், விருப்பமுள்ள கார் உரிமையாளர்கள் மைலுக்கு 1.5 சென்ட் கட்டி, பங்கில் கட்டிய பெட்ரோல் வரியைத் திரும்பப் பெறும் திட்டம் 5,000 கார்கள் என்ற வரம்போடு வந்தது. விருப்பத்தின் பேரில் என்பதால் சேர்ந்தவர்கள் குறைவு. அது எல்லாக் கார்களுக்கும் விரியும்போது இரண்டு பக்கமும் ஒரே அலகில் நிற்கும். ஆய்வறிக்கை சொல்லும் விகிதத்தை இரண்டு அட்டவணைகளிலும் நேரடியாக எழுதிவிடலாம். அதுவரை காத்திருக்கவும் அவசியமில்லை. இரண்டாண்டு ஆய்வு காட்டும் வித்தியாசம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த ஜனவரி முதல் நாளில் எடை-மைல் விகிதமும் பெட்ரோல் வரியும் தாமாகவே நகரும்படி ஒரு சட்டப்பிரிவு போதும். அதோடு காலி மைலுக்குத் தனி விகிதம் ஒன்றும் வேண்டும். எடை மேடைப் பதிவுகள் கையில் இருக்கும்போது, காலி வண்டி எது, லோடு வண்டி எது என்று பிரிப்பது இன்றைக்கு முடியாத காரியம் அல்ல.